அந்த டப்பா எங்கள் கையில் இருந்த 44 மணி நேரம்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும் மருத்துவமனைகளின் நிர்வாகிகளுக்கும், அறுவை மருத்துவர்களுக்கும், சதையைச் சோதித்து முடிவு எழுதும் நோய்க்குறியியல் மருத்துவர்களுக்கும்,

சென்ற மாதம் என் அக்காவின் பழைய ரிப்போர்ட்டுகளுக்கு நகல் வாங்கப் போயிருந்தேன். 2019-ல் அவருக்கு அறுவை நடந்த அதே மருத்துவமனை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். "அறுவையில் எடுக்கப்படும் சதை மாதிரியை நோயாளியுடன் இருப்பவர்கள் பெற்று, உடனடியாக ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தாமதத்தால் முடிவில் ஏற்படும் மாற்றங்களுக்கு மருத்துவமனை பொறுப்பல்ல." லேமினேட் செய்து, நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். அந்த ஒரு மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. சதையை உறவினர் கையில் கொடுத்தனுப்பும் பழக்கம் அங்கே மட்டும் இல்லை என்று, கீமோ வார்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே இது உங்கள் எல்லோருக்கும்.

அக்காவுக்கு அப்போது 47 வயது. இடது மார்பில் கட்டி. ஒரு சனிக்கிழமை மதியம் மார்பை முழுவதுமாக எடுத்தார்கள். தியேட்டர் கதவு திறந்து ஒரு பணியாளர் வெளியே வந்து, "பேஷண்ட்கூட யாருங்க?" என்று கேட்டார். மாமா கை தூக்கினார். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள். மூடியில் வெள்ளை டேப், டேப்பில் அக்கா பெயர், வயது. "சதை டெஸ்டுக்கு. லேபில் கொடுத்திருங்க." அவ்வளவுதான் சொன்னார்கள்.

டப்பா சின்னது. உள்ளே இருந்தது பெரியது. அமுக்கி வைத்த மாதிரி, மூடியைத் தொட்டுக்கொண்டு இருந்தது. மருந்துத் தண்ணீர் பாதி வரைக்கும்தான். கண் எரிகிற வாடை. மாமா அதை ஒரு துணிப்பையில் போட்டு, குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தார். ஷட்டர் இறக்கியிருந்தது. சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார்களாம். ஞாயிறு விடுமுறை. திரும்பி வந்து நர்ஸ் அம்மாவிடம் கேட்டோம். "மருந்தில்தானே இருக்கு, ஒன்றும் ஆகாது, திங்கட்கிழமை கொடுங்க" என்றார். அந்த இரண்டு இரவும் டப்பா, உறவினர் தங்கும் கொட்டகையில் எங்கள் பாய்க்குப் பக்கத்தில், சுவரோரமாக இருந்தது. யாராவது தட்டிவிடக்கூடாது என்று மாமா தூங்கவே இல்லை.

நான் பால் சொசைட்டியில் வேலை செய்கிறேன். காலையும் மாலையும் ஊரார் கொண்டுவரும் பாலில் சாம்பிள் எடுத்து, கொழுப்பும் சத்தும் பார்த்து எழுதுவது என் வேலை. சாம்பிள் பாட்டிலில் எண், நேரம் இரண்டும் எழுதாமல் நான் கைவைக்க மாட்டேன். வெயிலில் கிடந்த சாம்பிளைச் சோதித்து, பால் சரியில்லை என்று எழுதினால் அன்றைக்கு ஒரு குடும்பத்தின் கூலி போய்விடும். அந்தப் பழக்கத்தில்தான் அன்றைக்கும் என் சட்டைப்பை நோட்டில் எழுதி வைத்தேன். சதை வெளியே வந்தது சனி மதியம் 2.30. ஆய்வகம் வாங்கிக்கொண்டு கொடுத்த ரசீதில் சீல் விழுந்தது திங்கள் காலை 10.40. நாற்பத்து நான்கு மணி நேரம். அந்த எண் எதற்குப் பயன்படும் என்று அப்போது எனக்குத் தெரியாது. எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

பத்து நாளில் பயாப்சி ரிப்போர்ட் வந்தது. சதையில் சாயம் ஏற்றிப் பார்க்கும் ஐ.எச்.சி. சோதனைக்குத் தனியாகப் பணம் கட்டி, அதற்கு இன்னும் இரண்டு வாரம். இ.ஆர். நெகடிவ், பி.ஆர். நெகடிவ், ஹெர்-2 நெகடிவ். மூன்று வரி. இ.ஆர்., பி.ஆர். என்பவை ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் செல்லில் வந்து ஒட்டும் ஏற்பிகள். ஹெர்-2 புற்றுச் செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம். சதவீதம் இல்லை, வேறு விவரம் எதுவும் இல்லை. "ட்ரிப்பிள் நெகடிவ்ம்மா. இதற்கு மாத்திரை கிடையாது. கீமோவும் கரண்டும்தான்" என்று டாக்டர் சொன்னார். எட்டு கீமோ, பிறகு கரண்ட் என்கிற கதிர்வீச்சு. அக்கா எல்லாவற்றையும் தாங்கினார்.

அப்புறம் சொன்னது இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. "இந்த வகை திரும்பி வருவதென்றால் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள்தான் பெரும்பாலும் வரும். அதைத் தாண்டிவிட்டால் பயம் குறைந்துகொண்டே போகும்." 2022-ல் மூன்று வருடம் முடிந்தபோது அக்கா மாரியம்மன் கோவிலில் பொங்கல் வைத்தார். செக்கப்புக்குப் போவதும் குறைந்தது. 2023-ல் இடுப்பு வலி வந்தபோது, வயசாகிறது, தேய்மானம் என்று தைலம் தேய்த்துக்கொண்டார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஏழு மாதம் தைலம் தேய்த்தோம்.

டாக்டர் சொன்னதில் பிழை இல்லை. உண்மையில் மூன்றும் நெகடிவாக இருக்கிற நோயின் போக்கு அதுதான். பிழை, எந்தப் போக்கு என்று சொன்ன காகிதத்தில் இருந்தது.

இடுப்பெலும்பில் பரவியிருந்தது. இந்த முறை அக்காவை வேறு ஊருக்கு, வேறொரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். ஊசி போட்டு எலும்பிலிருந்து துணுக்கு எடுத்து மறுபடி ஏற்பிச் சோதனை செய்தார்கள். இ.ஆர். 90 சதவீதம், அடர்த்தியான சாயம். பி.ஆர். 30 சதவீதம். அங்கிருந்த நோய்க்குறியியல் மருத்துவர் அம்மா உடனே எதையும் முடிவுகட்டவில்லை. பரவிய இடத்தில் ஏற்பிகளின் நிலை மாறியிருப்பதும் உண்டு, அதனால் பழைய பிளாக்குகளையும் கொண்டுவாருங்கள் என்றார். மெழுகில் பதித்த நான்கு கட்டைகள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

முடிவு வந்த நாளில் என்னை உள்ளே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மாதிரி இரட்டைக் குழல் வைத்தது. கட்டியின் ஓரத்திலிருந்து எடுத்த பிளாக்கின் ஸ்லைடில், செல்லுக்குச் செல் நடுவிலே காப்பித்தூள் நிறத்தில் புள்ளி. அந்தப் பழுப்புதான் இ.ஆர். இருக்கிறது என்பதற்கு அடையாளம் என்றார். எண்பது சதவீதம். அடுத்து நடுவிலிருந்து எடுத்த பிளாக். எல்லாம் வெளிறின நீலம், செல்களின் ஓரங்களே கரைந்த மாதிரி. "இதைப் பாருங்கள்" என்று ஒரு வளையம் போன்ற இடத்தைக் காட்டினார். "இது புற்று கிடையாது. உங்கள் அக்காவின் நல்ல பால்குழாய். எந்தப் பெண்ணுடைய நல்ல பால்குழாயிலும் சில செல்களாவது பழுப்பாகும். இதில் ஒன்றுகூட ஆகவில்லை. அப்படியென்றால் சோதனையே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். நெகடிவ் என்று அர்த்தம் இல்லை."

2019-ல் முடிவு எழுதியது அந்த நடுப் பிளாக்கை வைத்து.

இதை எழுதும்போதும் அந்த நீல வளையம் என் கண்ணில் நிற்கிறது. சோதனை செல்லாது என்பதற்கான சாட்சி அதே ஸ்லைடிலேயே இருந்தது. அதை ஒருவர் உற்றுப் பார்த்திருந்தால் போதும்.

நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. ஆனால் அன்றைக்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். தவறிருந்தால் திருத்துங்கள்.

சதையைப் பதப்படுத்துகிற ஃபார்மலின் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அக்காவின் மார்பு அந்த டப்பாவில் ஆறு சென்டிமீட்டர் தடிமனுக்காவது இருந்திருக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் மருந்து இறங்கினாலும் நடுவுக்குப் போய்ச்சேர முப்பது மணி நேரம். அதுவும் டப்பா நிறைய மருந்து இருந்திருந்தால். பாதி டப்பாவில், அமுங்கிக் கிடந்த சதையில், நடுவுக்கு மருந்து போவதற்குள் அது கெட ஆரம்பித்துவிட்டது. கெட்ட சதையில் ஏற்பிகள் அழிந்துபோகும். சாயம் ஒட்டாது. இருந்தது, இல்லை என்று வரும். அதனால்தான் மார்பை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கத்தியால் கீறி ஃபார்மலினில் போட வேண்டும், ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் ஊறவேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமும் நோய்க்குறியியல் மருத்துவர் கல்லூரியும் சேர்ந்து 2010-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டன. உங்களில் படிக்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். சதை மாதிரியை உறவினர் கையில் கொடுத்து 'உடனடியாக' என்று எழுதினால் இதில் எது நடக்கும்?

ஒரு வரி ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், முற்றிய மார்பகப் புற்று வந்த பெண்ணுக்குச் சினைப்பைகளை எடுத்ததும் கட்டி சுருங்கியதை 1896-ல் எழுதினார். ஆனால் எல்லோருக்கும் அப்படி ஆகவில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் பலித்தது. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டித் தெரியாமல், அறுபது வருடம் எத்தனையோ பெண்களின் உறுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கக் குறியிட்ட ஈஸ்ட்ரோஜனைச் செலுத்தி அது உடம்பில் எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்த்து, 1950-களின் கடைசியில் ஏற்பியைக் கண்டறிந்தார். அதன்பிறகுதான் ஏற்பி இருக்கிறவருக்கு ஹார்மோன் வைத்தியம் பலிக்கும், இல்லாதவருக்கு வீண் வேதனை என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. அந்த ஹார்மோன் வைத்தியத்துக்கான மாத்திரை டமாக்சிஃபென் 1977-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றைக்கு நம் ஊர் மருந்துக்கடையில் ஒரு மாத்திரை சில ரூபாய்தான். தினம் ஒன்று.

அந்தச் சில ரூபாய் மாத்திரை என்ன செய்யும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் உலகத்து ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து 2011-ல் வெளியிட்டார்கள். 20 ஆய்வுகள், 21,000-க்கும் மேற்பட்ட பெண்கள். இ.ஆர். பாசிட்டிவாக இருந்தவர்களில் ஐந்து வருடம் டமாக்சிஃபென் எடுத்தவர்களை எடுக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, பதினைந்து வருடத்தில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் நூற்றுக்கு 33 பேரிலிருந்து 24 பேராகக் குறைந்திருக்கிறார்கள். ஏற்பி இல்லாதவர்களுக்கு அந்த மாத்திரையால் எந்தப் பலனும் இல்லை. அத்தனை பெரிய வித்தியாசத்தை முடிவுசெய்வது அந்த ஒரு வரி.

அக்கா அந்த மாத்திரையை 2020-லிருந்து எடுத்திருந்தால் பரவியே இருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எடுத்தவர்களுக்கும் திரும்ப வருவதுண்டு. ஆனால் எடுப்பதா வேண்டாமா என்று கேட்கும் இடத்துக்கே அவர் வரவில்லை. "இதற்கு மாத்திரை கிடையாது" என்று முதல் நாளே கதவு சாத்தப்பட்டுவிட்டது.

இந்த ஏற்பி விஷயத்தில் மாத்திரையைத் தாண்டியும் ஒன்று உண்டு. அதை யாரும் எங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. ஏற்பி இருப்பதும் இல்லாததும் நோய் இனி எப்படிப் போகும் என்பதற்கும் குறி. ஏற்பி இல்லாத நோய் ஆரம்ப வருடங்களில் வேகம் காட்டும், தாண்டிவிட்டால் அடங்கும். ஏற்பி இருக்கிற நோய் முதலில் சாதுவாக இருக்கும். ஆனால் நீண்ட நாள் காத்திருக்கும். 2017-ல் வெளியான, 62,000-க்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கு ஒன்று இருக்கிறது. எல்லோரும் இ.ஆர். பாசிட்டிவ், ஐந்து வருடம் ஹார்மோன் மாத்திரை முடித்தவர்கள், அதுவரை நோய் திரும்பாதவர்கள். அடுத்த பதினைந்து வருடத்தில், கட்டி சிறியதாகவும் அக்குள் நிணநீர் முடிச்சுகள் சுத்தமாகவும் இருந்தவர்களில்கூட நூற்றுக்கு 13 பேருக்கு வேறு உறுப்பில் பரவியது. கட்டி சற்றுப் பெரியதாகவும் நான்கிலிருந்து ஒன்பது முடிச்சுகள் வரை பாதித்தும் இருந்தவர்களில் 41 பேருக்கு. வருடத்துக்கு வருடம் அந்தக் கோடு நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது.

அக்காவுக்கு ஏற்பி இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நாலாவது வருடத்து இடுப்பு வலிக்குத் தைலம் தேய்த்திருக்க மாட்டோம். நேராக ஸ்கேனுக்குப் போயிருப்போம். பொங்கல் வைத்திருப்போம், ஆனால் செக்கப்பை விட்டிருக்க மாட்டோம். தவறான குறி எங்களுக்கு மாத்திரையை மட்டும் மறுக்கவில்லை. எப்போது பயப்பட வேண்டும், எப்போது நிம்மதியாக இருக்கலாம் என்கிற கணக்கையே தலைகீழாக்கிவிட்டது.

இன்னொன்று. வெறும் "பாசிட்டிவ்" என்று எழுதிக்கொடுக்கிறீர்களே, அதுவும் போதாது. நூற்றுக்கு ஒரு செல் சாயம் ஏறினாலே பாசிட்டிவ். ஆனால் 2020-ல் அதே அமெரிக்க வழிகாட்டுதல், ஒன்றிலிருந்து பத்து சதவீதம் வரை இருப்பதைத் தனியாகக் 'குறைந்த பாசிட்டிவ்' என்று குறிப்பிடச் சொல்கிறது. காரணம், அந்த நோய் பல நேரம் நெகடிவ் மாதிரியே நடந்துகொள்ளும். இரண்டு சதவீதம் இருப்பவருக்கும் தொண்ணூற்றைந்து சதவீதம் இருப்பவருக்கும் நீங்கள் ஒரே வார்த்தையில் சீட்டு எழுதிக்கொடுக்கிறீர்கள். பி.ஆர். என்பது இ.ஆர். வேலை செய்கிறதா என்பதற்கான அத்தாட்சி. ஈஸ்ட்ரோஜன் தூண்டினால்தான் செல் அதை உண்டாக்கும். இ.ஆர். இருந்து பி.ஆர். இல்லாதவர்களின் நோய்ப்போக்கு, இரண்டும் இருப்பவர்களைவிடச் சற்று மோசம். இவ்வளவும் சொல்லக்கூடிய சோதனையை மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள்.

இது நம் ஊர் பிரச்சினை மட்டும் என்று நினைத்திருந்தேன். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நடந்ததைப் படித்தபோது கை நடுங்கிவிட்டது. பணமும் கருவியும் படித்தவர்களும் இருக்கிற நாடு. அங்கே 1997-லிருந்து 2005 வரை ஓர் ஆய்வகம் செய்த ஏற்பிச் சோதனைகளில் தவறு இருக்கிறது என்று சந்தேகம் வந்தது. ஏறத்தாழ 1,000 நோயாளிகளின் மாதிரிகளை டொரன்டோவுக்கு அனுப்பி மறுபடி பார்த்தார்கள். 380-க்கும் மேற்பட்ட முடிவுகள் தவறு. இருந்ததை இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த 380 பேரில் 100-க்கும் மேற்பட்டோர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்து, 2009-ல் அறிக்கை கொடுத்தார்கள். தரக்கட்டுப்பாடு சரியாக இல்லை, சோதனையின் உள்சாட்சிகளைப் பார்க்கவில்லை, நோயாளிகளுக்கு உண்மையை ஒழுங்காகச் சொல்லவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதி, 60 பரிந்துரைகள் வைத்தார்கள். எத்தனை முடிவுகள் தவறு என்கிற முழுக் கணக்கு 2007-ல்தான் வெளியே தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் தங்கள் செய்தியைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

அங்கே ஒரு பெண்ணின் முடிவு மாறியபோது, ஒருவருக்கு இப்படி ஆனால் மற்றவர்களுக்கு என்ன என்று கேட்டார்கள். தாமதமாகவும் தடுமாறியும் என்றாலும் கேட்டார்கள். இங்கே அக்காவின் முடிவு மாறியபோது நான் அதே கேள்வியை எழுத்தில் கேட்டேன். இரண்டு பிளாக்குகளின் மறுசோதனை முடிவு, என் நோட்டின் நகல், ரசீதின் நகல் எல்லாம் இணைத்துக் கொடுத்தேன். மூன்று வரியில் பதில் வந்தது. பெறப்பட்ட மாதிரியின் அடிப்படையில் அறிக்கை சரியானது, மாதிரியைக் கொண்டுவந்து சேர்த்ததில் ஏற்பட்ட தாமதம் உடன் வந்தவர்களுடையது, இத்துடன் மனு முடிக்கப்படுகிறது. அடுத்த மாதம் தியேட்டர் வாசலில் அறிவிப்பு. என் மனுவினால் விளைந்தது அந்த அறிவிப்பு ஒன்றுதான்.

மாமா அந்தப் பதிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. "நான்தான் லேட் பண்ணிட்டேனா?" என்று ராத்திரி என்னிடம் கேட்டார். இரண்டு இரவு தூங்காமல் டப்பாவைக் காவல் காத்த மனிதர். ஐயா, அம்மா, உங்களிடம் நான் உண்மையாகவே கேட்கிறேன். அவருக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?

2022-ல் மட்டும் இந்தியாவில் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்று வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. சென்னையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் முதலிடம். நம் பெண்களில் ஏற்பி இல்லாத நோய் மேல்நாட்டாரைவிடக் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் துணிப்பையில் இரண்டு நாள் இருந்த மாதிரிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தால், எத்தனை பேர் நிஜமாகவே நெகடிவ்?

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஆய்வகத்தில் ஒரே ஒரு டாக்டர், மேஜை நிறைய ஸ்லைடு. தியேட்டரில் ஆள் பற்றாக்குறை. ஆனால் நான் கேட்கப்போவதில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு பெரிய வாளி, போதுமான ஃபார்மலின், ஒரு கத்தி, ஒரு பேனா.

முதலில் அந்த அறிவிப்பை எடுங்கள். சதை மாதிரியை மருத்துவமனைப் பணியாளரே ஆய்வகத்தில் சேர்த்து, கையெழுத்துப் பெறட்டும். வெளியூர் ஆய்வகமானால் அனுப்பும் பொறுப்பும் உங்களுடையதாக இருக்கட்டும். சனிக்கிழமையோ பண்டிகைக்கு முதல் நாளோ ஆய்வகத்தில் ஆள் இல்லையென்றால், தியேட்டரிலேயே அறுவை மருத்துவர் மார்பைச் சென்டிமீட்டருக்கு ஒரு கீறலாகக் கீறி, மாதிரியைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டுவிடட்டும். நோய்க்குறியியல் மருத்துவரிடம் எந்தப் பக்கத்திலிருந்து கீறுவது என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும். அதுவும் முடியாதென்றால் அந்த அறுவையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவையுங்கள். இரண்டு நாள் காத்திருப்பதால் எந்தப் பெண்ணுக்கும் கெடுதல் வந்துவிடாது.

டப்பாவின் மேல் சதை வெளியே எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம் இரண்டையும் எழுதுங்கள். ரிப்போர்ட்டிலும் அந்த நேரங்கள் வரவேண்டும்.

அறுவைக்கு முன்பு ஊசியால் எடுக்கும் துணுக்கிலேயே ஏற்பிச் சோதனை செய்துவிடுங்கள். சின்னத் துணுக்கில் மருந்து சீக்கிரம் இறங்கிவிடும், கெட்டுப்போகாது. அதில் நெகடிவ் என்று வந்தால் அறுவையில் எடுத்த கட்டியில் இன்னொரு முறை பாருங்கள். நெகடிவ் என்ற சொல்லுக்கு இரண்டு சாட்சி கேட்பது அதிகமில்லை.

முடிவு எழுதும்போது சதவீதமும் சாயத்தின் அடர்த்தியும் எழுதுங்கள். பக்கத்தில் இருக்கும் நல்ல பால்குழாய் சாயம் ஏற்றதா என்று ஒரு வரி எழுதுங்கள். ஏற்கவில்லை என்றால் நெகடிவ் என்று எழுதாதீர்கள். சோதனை செல்லாது, வேறு பிளாக்கில் மறுபடி செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். நோயாளிக்குக் காத்திருக்கத் தெரியும்.

கடைசியாக, இதைத்தான் நான் முக்கியமாகக் கேட்கிறேன். சதையை உறவினரிடம் கொடுத்தனுப்பிய அந்த வருடங்களில், இ.ஆர்., பி.ஆர். இரண்டும் நெகடிவ் என்று முடிவு பெற்ற பெண்களின் பெயர்கள் உங்கள் பதிவேட்டில் இருக்கும். அவர்களின் பிளாக்குகள் உங்கள் அலமாரியில் இருக்கும். அவற்றை எடுத்து, நல்ல பால்குழாய் சாயம் ஏற்றிருக்கிறதா என்று முதலில் பழைய ஸ்லைடுகளைப் பாருங்கள். ஏற்காதவற்றை வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பி மறுசோதனை செய்யுங்கள், உங்கள் செலவில். முடிவு மாறினால் அந்தப் பெண்ணை நேரில் கூப்பிட்டு, அவர் வீட்டார் முன்னால், நடந்ததைச் சொல்லுங்கள். அவர்களில் சிலருக்கு இன்னும் மாத்திரை தொடங்க நேரம் இருக்கலாம். இந்த மறுசோதனையைத் தொடங்கப்போகும் தேதியை எனக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

அக்கா இப்போது லெட்ரசோல் என்ற ஹார்மோன் வைத்திய மாத்திரையும் கூட இன்னொரு மாத்திரையும் சாப்பிடுகிறார். மாதம் ஒருமுறை எலும்புக்கு ஊசி. வலி குறைந்திருக்கிறது. கம்பு ஊன்றாமல் சொசைட்டி வரைக்கும் நடந்து வருகிறார். அவருடைய நான்கு பிளாக்குகளும் என் வீட்டு பீரோவில், வெயில் படாமல் இருக்கின்றன. மருத்துவமனையோ மருத்துவர் குழுவோ, யாராவது அவற்றைப் பார்க்க விரும்பினால் நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். வாங்கிக்கொண்டதற்கு நேரம் போட்டு ஒரு கையெழுத்து மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
நோயாளியின் தங்கை